மேல் பல்லும் தாய்மாமனும்

1960களின் கடைசியில் சித்தூரில் பல்வலி வந்தால் செய்வதற்கு அதிகம் எதுவும் இருக்கவில்லை. கிராம்பைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்ப்பார்கள். தாங்கமுடியாமல் போனால் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் பிடுங்கிவிட்டு வருவார்கள். கையில் கொஞ்சம் காசிருந்தால் பஸ் ஏறி வேலூருக்குப் போவார்கள். ஆந்திரா பிரிந்து பல வருஷமாகியும் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் வேலூர்தான். பெரியவர்கள் வேப்பங்குச்சியிலும் புங்கங்குச்சியிலும் பல் துலக்கினார்கள். பள்ளிக்கூடம் போகிற எங்களுக்கு உமிக்கரி உண்டு, கை கொஞ்சம் தாராளமான மாதங்களில் நஞ்சன்கூடு பல்பொடி உண்டு. பால் குடிக்கிற பிள்ளைக்குப் பல் டாக்டரா என்று யாராவது கேட்டிருந்தால் தெருவே சிரித்திருக்கும்.

எதிர்வீட்டுத் தெலுங்கு அவ்வா, “பாலபள்ளே கதா, ஊடிபோதாயி” என்பார். எங்கள் ஆயாவும் அதையே சொல்வாள்: “பால் பல்லு தானேடி, விழுந்துட்டு வேற மொளைக்கும்.” கிரீம்ஸ்பேட்டையிலும் சந்தப்பேட்டையிலும் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசின. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பக்கத்திலும் கருத்து வேறுபாடே கிடையாது.

அதனால் பிள்ளையின் வாயை யாருமே கவனிக்கவில்லை என்று அர்த்தமில்லை. பல் முளைக்கும்வரை அந்த வாய்க்கு நடந்த பணிவிடையை இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. ஆயா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலின்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். குளியல் முடிந்ததும் பழைய மல்லு வேட்டியில் கிழித்த துண்டைச் சுட்டுவிரலில் சுற்றி, வெந்நீரில் நனைத்து, நாக்கிலும் ஈறிலும் படிந்த பால் மாவை வழித்தெடுப்பாள். உரைகல்லில் தாய்ப்பால் விட்டு மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய், சுக்கு, சுட்ட வசம்பு என்று ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு இழை இழைத்து நாக்கில் தடவுவாள். தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பதும் மூக்கில் எண்ணெய் விடுவதும் அதே குளியலில் நடந்தன. அவை இரண்டும் ஆபத்து, டாக்டர்கள் தடுத்தது நியாயம்தான். ஆனால் ஈறைத் துணியால் துடைக்கிற அந்த ஒரு காரியத்தை இன்று குழந்தைப் பல் மருத்துவர்களே செய்யச் சொல்கிறார்கள். வேதனை என்னவென்றால், பல் எட்டிப் பார்த்த அன்றே ஆயா அந்தத் துணியை எடுத்து வைத்துவிடுவாள். எப்போது துடைப்பது மிகமிக அவசியமோ, அப்போது அது நின்றுபோயிற்று.

பல் முளைப்பதில் அன்று வீட்டுக்கு இருந்த பயம் வேறு. கீழ் முன்பல் இரண்டும் முதலில் வந்தால் எல்லோருக்கும் நிம்மதி. மேல் பல் முதலில் வந்துவிட்டால் தாய்மாமனுக்கு ஆகாது. தமிழ் வீடுகளிலும் தெலுங்கு வீடுகளிலும் இந்த நம்பிக்கை ஒன்றுபோலவே இருந்தது. மாமனை நேரே பிள்ளையின் முகத்தைப் பார்க்க விடமாட்டார்கள். எண்ணெய்க் கிண்ணத்தில் நிழலைப் பார்த்த பிறகுதான் தூக்கலாம் என்று ஒரு வீட்டில், வெள்ளிக் காசு வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று இன்னொரு வீட்டில். பிறக்கும்போதே பல்லோடு பிறந்த பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். சில ஆயிரம் பிறப்புகளில் ஒன்று அப்படி நடக்கும், உடலின் இயல்பான வேறுபாடுகளில் அதுவும் ஒன்று என்று சொல்ல அன்று ஆள் இல்லை. அந்தத் தாய்மார்கள் கேட்ட பேச்சுக்கு அளவே கிடையாது.

பயத்துக்கு நடுவிலும் முதல் பல்லுக்கு ஒரு விழா இருந்தது. அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், கையும் வைத்திருக்கிறேன். பச்சரிசி மாவை வெந்நீரில் பிசைந்து கொண்டைக்கடலை அளவுக்குக் கிள்ளி உருட்டுவார்கள். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி, உருண்டைக்கு ஒன்றாக, வெள்ளை முனை வெளியே தெரிகிற மாதிரி செருக வேண்டும். அந்த வேலை எங்கள் மாதிரிச் சிறுமிகளுடையது. அரிசிமாவு ஈறிலிருந்து ஒற்றைப் பல் முளைத்த மாதிரி ஒவ்வொரு கொழுக்கட்டையும் இட்லிப் பானையிலிருந்து வெளியே வரும். பிள்ளையை மணைமேல் உட்காரவைத்து, யாராவது ஒரு அத்தை பின்னால் பிடித்துக்கொள்ள, ஆயா படியிலிருந்து கொழுக்கட்டையை மெதுவாகத் தலைமேல் கொட்டுவாள். சிதறுவதைப் பொறுக்கத் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் சுற்றி நிற்போம். மீதி, கிண்ணம் கிண்ணமாக அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும். பல் கொழுக்கட்டை வந்துவிட்டதென்றால் அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பல் வந்துவிட்டதென்று ஊருக்கே தெரியும்.

பிற்காலத்தில் ஆர்மீனியர்களைப் பற்றிப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அவர்களும் முதல் பல் வந்ததும் கோதுமையை வேகவைத்துப் பிள்ளையின் தலைக்கு மேல் கொட்டுகிறார்கள். எதிரே புத்தகம், கத்தரிக்கோல் என்று பரப்பி வைத்து எதை எடுக்கிறது என்று பார்க்கிறார்கள். லெபனானிலும் பல்லுக்காகக் கோதுமை வேகவைக்கிற வழக்கம் உண்டு. எங்கேயோ இருக்கிறவர்களும் நாங்களும் ஒரே விஷயத்தைக் கண்டுகொண்டிருக்கிறோம்: பால் மட்டுமே குடித்த உயிர், இனி கடித்துத் தின்னப் போகிறது. கொண்டாட வேண்டிய நாள்தான்.

கொழுக்கட்டை தீர்ந்தது, பல்லும் மறந்துபோயிற்று. அதன்பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது. சித்தூர் வெல்ல ஊர். கரும்புக் காலத்தில் கொப்பரையில் பாகு காய்கிற வாசனையை வைத்தே எந்தப் பக்கம் ஆலை என்று சொல்லிவிடலாம். அழுகிற பிள்ளையின் வாயில் வெல்லத்தூளைத் துணியில் முடிந்து சப்பக் கொடுப்பது சாதாரணம். என் சித்தி மகனுக்கு மூன்று வயதிருக்கும். மேல் முன்பல் நான்கும் கறுத்து, ஈறோடு ஒட்டிய கட்டையாக நின்றன. கீழ்ப் பற்கள் மட்டும் அரிசி மாதிரி வெள்ளை. “பூச்சிப் பல்லு” என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் சிரிக்கும்போது கையால் வாயை மூடப் பழகிக்கொண்டான். மூன்று வயதில் ஒரு பிள்ளை வாயை மூடிச் சிரிக்கக் கற்றுக்கொள்கிறது என்றால் அது அந்த வீடு முழுவதுக்கும் வந்த குறை. ஆனால் வீட்டில் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை, விழப்போகிற பல்தானே.

அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் பல் உறுதியாக இருந்தது என்று என் வயதுக்காரர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒன்று மட்டும் உண்மை. அன்று இனிப்பு, நாள் கிழமைக்கு வந்தது. வெல்ல முடிச்சு சப்பாத பிள்ளையின் வாய் இரண்டு வேளை சாப்பாட்டுக்கு நடுவில் சும்மா இருந்தது. ஒருமுறை இனிப்பு உள்ளே போனால் வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்கிவிடும். எச்சில் அந்த அமிலத்தைத் தணிக்க ஏறக்குறைய அரைமணி நேரம் பிடிக்கும். எவ்வளவு இனிப்பு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதுதான் பல்லைத் தின்கிறது. இந்தக் கணக்கை அன்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதற்கான அவசரமும் இப்போது இருக்கிற அளவுக்கு இல்லை.

இப்போது நான் இருப்பது திருப்பதியில், மகள் வீட்டில். சித்தூரும் திருப்பதியும் ஒரே மாவட்டமாக இருந்து 2022 ஏப்ரலில் இரண்டாயின. ஏர் பைபாஸ் ரோட்டில் ஒரு நடை போய்வந்தால் பல் ஆஸ்பத்திரி போர்டுகள் வரிசையாகக் கண்ணில் படும். ரேணிகுண்டா ரோட்டில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நாடு முழுக்க அப்படிப்பட்ட கல்லூரிகள் 300க்கும் மேல். என் சித்தி மகனுக்குக் கிடைக்காத எல்லாமே இங்கே கூப்பிடு தூரத்தில் கிடைக்கிறது. ஆனால் அந்த மாதிரி ஆஸ்பத்திரியில் மகளோடு காத்திருந்த ஒரு மாலையில் சுற்றிலும் பார்த்தேன். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள், கன்னம் வீங்கி, அழுது களைத்துப்போய் அம்மாவின் தோளில். வாயைத் திறந்தால் அதே கறுத்த மேல் பற்கள். 2002-03இல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் நாடு முழுக்க எடுத்த கணக்கில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் 51.9 சதவீதத்தினருக்குச் சொத்தை இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, பால் பல் சொத்தையோடு இருக்கிற பிள்ளைகள் உலகத்தில் 51 கோடிக்கு மேல் என்கிறது. டாக்டர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். நாம் பல் உடைந்த பிறகுதான் வாசலைத் தாண்டுகிறோம்.

மேல் பல் மட்டும் ஏன் கெடுகிறது, கீழ்ப் பல் ஏன் தப்பிக்கிறது என்று எனக்கு விளங்கியது அந்த ஆஸ்பத்திரியில்தான். பேரனுக்கு அப்போது ஒன்றரை வயது. டாக்டரம்மா சின்னப் பெண், மதனப்பள்ளிப் பக்கம். எங்களோடு தமிழும் தெலுங்கும் கலந்து பேசினாள். பெரிய நாற்காலியில் அவனை உட்காரவைக்கவே இல்லை. தன் ஸ்டூலை இழுத்து, மகளின் முழங்காலோடு தன் முழங்கால் ஒட்டும்படி எதிரெதிரே உட்கார்ந்தாள். பேரன் அம்மாவின் இடுப்பைக் காலால் கட்டிக்கொண்டு மல்லாந்தான். தலை டாக்டரம்மாவின் மடியில். காலில் போட்டுக் குளிப்பாட்டுகிற ஆயாவே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. அவன் அழுதான். “அழட்டும் பெத்தம்மா, அழுதா தானே வாய் நல்லா தெரியும்” என்று சொல்லிக்கொண்டே, மேலுதட்டை ஆள்காட்டி விரலால் தூக்கினாள்.

“இங்க பாருங்க.”

ஈறு முடிகிற இடத்தில், பல்லின் கழுத்தில், சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையாக ஒரு தடம். பல்லின் மற்ற இடம் பளபளக்கிறது, அந்தக் கோட்டில் மட்டும் பளபளப்பு இல்லை. உதட்டைத் தூக்காமல் பார்த்தால் ஜென்மத்துக்கும் தெரியாது.

“ராத்திரி பால் குடிச்சிக்கிட்டே தூங்குறானா?”

“ஆமா டாக்டர், பாட்டில் வாயில இருந்தா தான் தூங்குவான்” என்றாள் மகள்.

தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடும் என்று டாக்டரம்மா விளக்கினாள். வாயில் தேங்குகிற பால் மேல் முன்பற்களைச் சுற்றி நிற்கிறது. கீழ்ப் பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றுகிறது, கீழ்த்தாடையில் எச்சில் சுரப்பியும் பக்கத்திலேயே இருக்கிறது. மேல் பல்லுக்குத் துணை யாரும் இல்லை. அமிலம் முதலில் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கும்போது இந்த வெள்ளைக் கோடு வரும். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் ஃபுளூரைடு வார்னிஷ் பூசி, பழக்கத்தை மாற்றி, பல்லைத் திருப்பிக் கெட்டிப்படுத்தலாம். அதைத் தாண்டினால் பழுப்பு, பிறகு கறுப்பு, பிறகு உடைவது. மாமனுக்கு ஆகாது என்று தலைமுறை தலைமுறையாகப் பயந்தோமே, அந்த மேல் பல்லுக்கே ஆகாத காலம் இது.

“விழப்போற பல்லுதானேம்மா?” என்று ஆயா கேட்ட கேள்வியை நான் கேட்டேன், பதில் அவள் வாயிலிருந்து வரட்டும் என்றுதான். முன்பல் ஆறு, ஏழு வயதில் விழும். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. அதுவரை பிள்ளை மெல்லுவதும் வளர்வதும் அவற்றை நம்பித்தான். பின்னால் வரப்போகிற பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அவைதான். முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து வழியை அடைத்துவிடும். இன்னொன்றும் சொன்னாள், இதை எல்லாப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும்: ஆறு வயதில் வரிசையின் கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் வரும். எந்தப் பல்லும் விழாமலே வருவதால் அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது நிலைப்பல். அது போனால் வேறு வராது.

மகள் அன்றிலிருந்து ராத்திரிப் பாட்டிலில் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் வெறும் தண்ணீராக்கினாள். சில ராத்திரிகள் வீடே தூங்கவில்லை. தாய்ப்பாலைப் பற்றியும் கேட்டாள். ஒரு வயதுக்குப் பிறகு, பல் முளைத்த வாயோடு ராத்திரி முழுக்கக் காம்பைப் பிடித்துக்கொண்டே தூங்குவது மட்டும்தான் கவனிக்க வேண்டியது, தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை என்று பதில் வந்தது. பிள்ளைக்கு ஊட்டும் கரண்டியைத் தாய் தன் வாயில் வைத்துச் சூடு பார்ப்பதும், மென்று கொடுப்பதும் சொத்தைக் கிருமியைக் கைமாற்றும் என்றாள் டாக்டரம்மா. மசக்கைக் காலம் முடிந்து நான்கிலிருந்து ஆறாம் மாதத்துக்குள் கர்ப்பிணி தன் பல்லைச் சரிபார்த்துக்கொண்டால் அது பிள்ளைக்கும் சேர்த்துச் செய்த வைத்தியம்.

இன்றைய பிள்ளையின் வாய்க்கு ஓய்வே இல்லை. செல்போன் பார்த்துக்கொண்டே ஒரு பிஸ்கட், கார் ஏறினால் ஒரு டப்பா ஜூஸ், டீயில் தோய்த்த இன்னொரு பிஸ்கட், காய்ச்சல் என்றால் இனிப்பு சிரப். டப்பாவில் வருகிற கூழிலும் இனிப்பு. இந்தியாவில் விற்கும் செரலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக ஏறக்குறைய 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்படுகிறது, அதே நிறுவனம் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் விற்பதில் சேர்ப்பதில்லை என்று பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு 2024 ஏப்ரலில் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. இரண்டு வயதுவரை பிள்ளையின் உணவில் சர்க்கரையே சேர்க்க வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலை. ஐரோப்பாவில் முளைக்கிற பல்லும் ரேணிகுண்டாவில் முளைக்கிற பல்லும் ஒன்றுதானே?

முதல் பல் வந்ததும், அல்லது முதல் பிறந்தநாளுக்குள், ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது இப்போது உலகம் முழுக்கச் சொல்லப்படுவது. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவர் சங்கம் 1986லேயே ஒரு வயதுக் கணக்கைச் சொல்லிவிட்டது. எங்கள் ஊருக்கு இந்தக் கணக்கு மிகவும் பொருந்தும். ஒரு வயதுக்குள் பிள்ளையோடு வருகிற பெற்றோரைத் திருமலையில் சுபதம் என்ற தனி நுழைவு வழியாக விடுகிறார்கள். கம்பார்ட்மெண்டில் காத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிறார்கள். முதல் முடி இறக்க எங்கெங்கிருந்தோ அந்த வயதுப் பிள்ளைகள் மலை ஏறுகின்றன. ஒரு வயதில் மொட்டை, காதுகுத்து, பிறந்தநாள் கேக் என்று நாள் குறிக்கிற குடும்பம், அதே வாரத்தில் வாயைக் காட்டவும் ஒரு நாள் குறிக்கலாம். பிரசாத லட்டைக் கிள்ளி வைக்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கிள்ளி வைத்தபின் தண்ணீர் கொடுத்து வாயைத் துடைத்துவிடுங்கள் என்றுதான் கேட்பேன்.

பேத்திக்குப் பல் முளைத்தபோது எங்கள் வீட்டில் மேல் பல்லே முதலில் வந்தது. சம்பந்தியம்மா போன் போட்டு, “ஒதின, தம்பிய கொஞ்ச நாளைக்கு வரச் சொல்லாதீங்க” என்றார். என் மகன் அந்த ஞாயிற்றுக்கிழமையே சித்தூரிலிருந்து வந்துவிட்டான். எண்ணெய்க் கிண்ணமும் வைக்கவில்லை, வெள்ளிக் காசும் இல்லை. கொழுக்கட்டை செய்தோம், அது எனக்கு வேண்டும். மறுநாள் டாக்டரம்மாவிடம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போனது மாமன்தான். அரிசி அளவு ஃபுளூரைடு பேஸ்ட், சின்ன பிரஷ், காலையும் ராத்திரியும், துலக்குவது பெரியவர்கள் கையால் என்று எழுதி வாங்கி வந்தான். மூன்று வயதுக்குப் பிறகு பட்டாணி அளவு.

ஃபுளூரைடு என்றதும் மகன் தயங்கினான். அந்தத் தயக்கம் நம் பக்கத்தில் நியாயமானது. 1937இல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் அன்றைய நெல்லூர் மாவட்டத்து மக்களின் பல் கறையும் எலும்பு முடக்கமும் தண்ணீரிலுள்ள ஃபுளூரைடால் வருபவை என்று எழுதினார்கள். அனந்தபூர் பக்கத்துப் போர்வெல்களில் அந்தத் தொல்லை இன்றும் உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 என்பது இந்தியத் தர எல்லை. எட்டு வயதுக்குள் அதிகமாக உள்ளே போனால், உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லில் கறை விழும். அதனால்தான் விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நிறையப் பேஸ்ட் பிதுக்கக்கூடாது. அரிசி அளவு பேஸ்டைப் பிள்ளை விழுங்கினாலும் கெடுதல் இல்லை, சொத்தையைத் தடுக்க அது போதும். போர்வெல் தண்ணீர் குடிக்கிற ஊர் என்றால் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் திருப்பதியில் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறவர்கள் கதை. சித்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கரும்பு வெட்டவும் மாந்தோப்பு வேலைக்கும் போகிற தாய்மார்கள் பல்லுக்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாது. அவர்களுக்கு டாக்டர் அங்கன்வாடிக்குத்தான் வர வேண்டும். வழி ஏற்கெனவே இருக்கிறது. 2013இல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் பிள்ளைகளிடம் பார்க்க வேண்டிய 30 குறைகளின் பட்டியலில் பல் கோளாறும் உண்டு. மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். சொத்தையைக் கறுப்பாக்கி அப்படியே நிறுத்திவிடுகிற வெள்ளி ஃபுளூரைடு மருந்து ஒன்றும் இருக்கிறது. டிரில் வேண்டாம், ஊசி வேண்டாம், சொட்டு மருந்தைத் தடவினால் போதும். உலக சுகாதார நிறுவனம் அதை 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசிக்கு எல்லாப் பிள்ளையும் வருகிறது, ஒன்றரை வயது வாக்கில் இன்னொருமுறை வருகிறது. அந்த இரண்டு நாளிலும் ஊசி போடுகிற நர்ஸம்மா பிள்ளையின் மேலுதட்டை ஒருமுறை தூக்கிப் பார்த்தால் வெள்ளைக் கோடு தெரிந்துவிடும்.

போன மாதம் சித்தூருக்கு வெளியே, தூரத்து உறவுப் பெண் ஒருத்தி டீச்சராக இருக்கிற அங்கன்வாடிக்குப் போயிருந்தேன். இதைச் சொன்னதும் அவள் ஒன்றும் பேசவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் முதல் பையனை மடியில் சாய்த்து, செல்போன் டார்ச்சைப் போட்டு, உதட்டைத் தூக்கினாள். அவன் சிரித்தான். பல் சுத்தமாக இருந்தது. அடுத்தவளுக்கும் சுத்தம். மூன்றாவது பிள்ளைக்குக் கோடு இருந்தது. நான்காவதற்குப் பழுப்பு. பிள்ளைகள் இதை விளையாட்டென்று நினைத்து, தாங்களாகவே உதட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தார்கள். கடைசிப் பிள்ளையையும் பார்த்துவிட்டு நோட்டில் பெயர்களை எழுதிக்கொண்டே சொன்னாள்:

“புதன்கிழமை ஊசி நாளு அத்தை. ஏ.என்.எம். மேடமும் வருவாங்க, தாய்மாருங்க எல்லாரும் இருப்பாங்க. ஒன்பது மணிக்கெல்லாம் வந்துடுங்க, நீங்களே எடுத்துச் சொல்லுங்க.”